குளோக்சீனியா தண்டு நட்டது: புதுப்பிப்பு

குளோக்சீனியா கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி. அதன் தண்டை ஒடித்து நட்டால் வேர் மட்டும் விடுமா, புதுக் கிழங்கும் வைக்குமா என்று ஆனி மாதம் கேட்டிருந்தேன். இரண்டும் நடந்துவிட்டன. தொட்டி மாற்றும்போது பார்த்தால், வெட்டிய அடியிலேயே சின்னதாக ஒரு கிழங்கு திரண்டிருக்கிறது.

பொள்ளாச்சியில் இதற்கு எதிரி ஆடிக்காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது வீசும் வேகத்தில் வேரூன்றிய செடியே துவளும்; வேரில்லாத தண்டு என்ன செய்யும்? அடி அறுத்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடியவை மட்டுமே பிழைத்தன. தினமும் சற்று நேரம் பாட்டில் மூடியைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டு அழுகும். தென்னை நார்க்கழிவு நம் ஊரில் மலிவு என்று அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். உப்புப் போகப் பலமுறை அலசுங்கள். இலையில் தண்ணீர் படவே கூடாது, புள்ளி விழும்.

தழை காய்ந்தால் செத்துவிட்டதென்று தூக்கி எறியாதீர்கள். கிழங்கு உறங்குகிறது, தண்ணீரைக் குறைத்து நிழலில் வையுங்கள்.

கிழங்கு வைக்கும் இன்னொரு பூச்செடியான கிழங்கு பெகோனியாவுக்கும் இப்படித் தண்டு நடுவது பொருந்துமா என்று கேட்ட அக்காவுக்கு: பொருந்தும். ஆனால் தண்டின் அடிக்கணுவில் மொட்டு இருக்குமாறு வெட்டுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் கிழங்கு முளைக்காது.