காரைக்குடியில் 2 நாள் இளம் எழுத்தாளர் முகாம்: புதிதாக வருபவர்கள் ஒட்டாமல் போகாதிருக்க என்ன வழி?

கோட்டையூரான்:
மார்கழியில், ஒரு செட்டிநாட்டு வீட்டில் முகாம். 40 பேர், எல்லாரும் 18–25 வயது. இப்படிக் கூடும் இடங்களில் பழகியவர்கள் ஒரு மூலையில் சேர்ந்துகொள்வார்கள், புதியவர்கள் போனை நோண்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். விமர்சனம் என்றால் ஒன்று 'அருமை', இல்லையென்றால் ஆளையே கிழிப்பது. எப்படி அமைத்தால் சரிவரும்?

தேவகோட்டை வாசகி:
மார்கழி நல்லது. கல்யாணம் இல்லாததால் வீடு கிடைக்கும், வெயிலும் தணிந்திருக்கும்.

ஐந்தைந்து பேராக 8 குழு போடுங்கள். பிரிப்பது நீங்களாக இருக்கட்டும். அவரவர் விருப்பத்துக்கு விட்டால் பழைய கூட்டம்தான் மறுபடி சேரும். ஒரே கல்லூரிக்காரர்கள் ஒரே குழுவில் வேண்டாம். புதியவரைத் தனியாக விடாமல் குழுவுக்கு இரண்டு பேராகப் போடுங்கள்.

ஒருவருக்கு 25 நிமிடம். வாசிப்பு 8 நிமிடம் (800 சொல்லுக்குள்), மீதி பேச்சு. ஐந்து பேருக்கும் சேர்த்து 125 நிமிடம், நடுவில் ஒரு டீ. பிரதி ஒரு வாரம் முன்பே எல்லார் கைக்கும் போயிருக்க வேண்டும். அங்கே வந்து முதல்முறை கேட்பவரிடமிருந்து 'அருமை'க்கு மேல் ஒன்றும் வராது.

பேசும் வரிசைதான் முக்கியம். முதலில் எந்த வரி மனதில் நின்றது, அடுத்து எங்கே புரியவில்லை, கடைசியில்தான் யோசனை. எழுதியவர் அதுவரை வாய் திறக்கக்கூடாது. அவர் விளக்க ஆரம்பித்தால் எல்லாரும் பிரதியை விட்டுவிட்டு அவர் சொன்னதையே பேசிக்கொண்டிருப்பார்கள். 'நீங்க' என்று ஆரம்பிக்காமல் 'இந்தக் கதையில' என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பாதிச் சண்டை வராது.

இரண்டாங்கட்டு:
வளவில் (வீட்டின் நடு முற்றம்) நாலு குழுவை உட்காரவைத்தால் எதிரொலியில் யார் பேசுவதும் கேட்காது. வளவுத் தாழ்வாரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு, முகப்புத் திண்ணையில் இரண்டு, பட்டாலையில் (கூடம்) ஒன்று, இரண்டாங்கட்டில் (பின்னால் உள்ள இரண்டாவது முற்றப் பகுதி) இரண்டு, மாடியில் ஒன்று. மைக் வேண்டவே வேண்டாம். 1939 முதல் கம்பன் கழக மேடையைக் கேட்டுப் பழகிய ஊர் இது. கையில் மைக் வந்தால் சொற்பொழிவுதான் வரும்!

சாப்பாட்டுக்குப் பந்தி போட்டு, வேளைக்கு ஒரு குழு பரிமாறட்டும். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியுமாக இலை இலையாகப் போகிறவர் எல்லாரிடமும் பேசித்தான் ஆகணும். கொதிக்கிற சாம்பார், ரசம் மட்டும் சமையல்காரர் கையில் இருக்கட்டும்.

பள்ளத்தூர்ப் பிள்ளை:
வாசகி சொன்ன வரிசை சரி. ஆனால் கனிவு என்ற பெயரில் எல்லாவற்றையும் மழுப்பிவிட வேண்டாம். முடிவு சொதப்பல் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை பிரதியின் ஓரத்தில் பென்சிலில் எழுதி, அவர் கையிலேயே கொடுக்கலாம். குழுவில் மற்ற நாலு பேரும் குறிப்போடு திருப்பித் தந்தால் அவருக்கு நாலு நகல் மிஞ்சும். நின்று பேசுவதைவிட அது பிரயோஜனம்.

மூத்த எழுத்தாளரை அழைத்தால் இரண்டாம் நாள் மதியம் வையுங்கள். முன்னாலேயே வந்துவிட்டால் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தே கருத்துச் சொல்வார்கள்.

தேவகோட்டை வாசகி:
இன்னொன்று, அண்ணே. நட்பெல்லாம் ராத்திரித் திண்ணைப் பேச்சில்தான் உண்டாகும் என்பார்கள். பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் பலரும் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டியவர்கள், அவர்களுக்கு அது கிடைக்காது. சாயங்காலம் 4 முதல் 5 வரை நிகழ்ச்சி எதுவும் வைக்காமல் சும்மா விடுங்கள். சென்னைக்காரர்கள் பல்லவன் ரயிலில் வந்தால் இரவில்தான் இறங்குவார்கள், முந்தின நாளே தங்க இடம் சொல்லிவையுங்கள்.

கோட்டையூரான்:
நன்றி. முகாம் முடிந்ததும் வாட்ஸப் குழு ஆரம்பிக்கலாமா?

இரண்டாங்கட்டு:
40 பேருக்கு ஒன்று வைத்தால் காலை வணக்கப் படம்தான் ஓடும். ஐந்து பேர் குழுவே தொடரட்டும். மாதம் ஒருவர் பிரதி அனுப்ப வேண்டும், யார் எந்த மாதம் என்று கிளம்புமுன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.