பயாஸுக்குக் 'கோடல்', டெம்பரேச்சர் காம்பன்சேஷனுக்கு 'வெப்ப ஈடு': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வானலைத் திறன் பெருக்கிக்கான (ஆர்எஃப் பவர் ஆம்ப்ளிஃபையர்) செய்முறைக் குறிப்பில் 'பயாஸ்', 'ஐடில் கரண்ட்', 'டெம்பரேச்சர் காம்பன்சேஷன்' என்ற மூன்றுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். பயாஸ் என்பது சிக்னல் வருமுன்பே டிரான்சிஸ்டருக்குக் கொடுத்துவைக்கும் நிலையான மின்னழுத்தம்; அதனால் ஓடுவது ஐடில் கரண்ட்; சூட்டில் அது மாறாமல் பார்த்துக்கொள்வது டெம்பரேச்சர் காம்பன்சேஷன். இதுவரை வந்த பரிந்துரைகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவை சில. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

'வெப்பநிலை இழப்பீடு' வேண்டவே வேண்டாம். புயலில் வீடு இடிந்தவருக்கு அரசு தருவது இழப்பீடு. டிரான்சிஸ்டர் சூடானதற்கு யாரும் காசோலை கொடுப்பதில்லை.

ஐடில் கரண்டுக்கு 'ஓய்வு மின்னோட்டம்' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குறிப்பின் வரைவைப் படித்த கல்லூரி மாணவர் ஒருவர், "அண்ணா, ஓய்வுன்னா ஸ்விட்ச் ஆஃப் பண்ணின பிறகு ஓடுற கரண்டா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். சிக்னல் வராமல் இருக்கும்போதும் டிரான்சிஸ்டர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும் மின்னோட்டம் இது. பைக் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதே, அந்த ஐட்லிங் மாதிரி. எஞ்சின் ஓய்வெடுக்கவில்லை. 'இருப்பு மின்னோட்டம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். சிக்னல் வரவு, அதற்கு முன்பே கையில் இருப்பது இருப்பு.

பயாஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'சார்பு': முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு. இதன் சிக்கல் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது: 'உறவுகளும் சார்புகளும்'. அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன், வேறு பொருள். 'வெப்பநிலைச் சார்பு' என்று எழுதினால், வெப்பநிலையால் மாறுவது என்று படிப்பதா, வெப்பநிலைக்கேற்ற பயாஸ் என்று படிப்பதா? நம் தலைப்பில் இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. அங்கேதான் எனக்குச் சார்பு உதவாமல் போனது.

இலங்கை வழக்கில் 'முன்முகக் கோடல்', 'பின்முகக் கோடல்' என்பார்கள். கோடுதல் என்றால் ஒரு பக்கம் சாய்தல். தராசுக்கோலைச் சொல்லும் 118ஆம் குறளில் 'ஒருபால் கோடாமை' வருகிறது. நடுவுநிலை பிறழாமை என்று பொருள். வள்ளுவர் வேண்டாம் என்றதைத்தான் நாம் டிரான்சிஸ்டரின் 'கேட்' முனையில் மின்னழுத்தம் கொடுத்து வேண்டுமென்றே செய்கிறோம். கொள்ளுதல் என்ற பொருளில் நன்னூலிலும் ஒரு கோடல் உண்டு. ஆனால் மின்சுற்றுப் படத்துக்குப் பக்கத்தில் அதை நினைத்து யாரும் குழம்பப்போவதில்லை. பயாஸுக்குக் 'கோடல்' என்பதே என் வாக்கு.

இனி வெப்பம். சொல்லைவிட இங்கே நடப்பதைச் சொன்னால் சொல் தானே வரும்.

சிலிக்கான் சந்தியில் ஒரே மின்னோட்டம் ஓட வேண்டுமானால், தேவைப்படும் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைந்துகொண்டே போகும். 50 டிகிரி ஏறினால் 100 மில்லிவோல்ட். சாதாரண டிரான்சிஸ்டரின் 'பேஸ்' முனையில் நாம் கொடுக்கும் மின்னழுத்தம் மட்டும் மாறாமல் இருந்தால், 'எமிட்டர்' முனையில் மின்தடை இல்லாதபோது மின்னோட்டம் பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். எகிறினால் இன்னும் சூடு, சூட்டால் இன்னும் மின்னோட்டம். ஆங்கிலத்தில் 'தெர்மல் ரன்அவே' எனப்படும் இதற்கு ஒருவர் 'வெப்ப ஓட்டம்' என்று எழுதியிருந்தார். ஏதோ மாரத்தான் போல இருக்கிறது. தறிகெட்டு ஓடுவது என்று நம்மிடமே இருக்கிறதே, 'வெப்பத் தறிகேடு' என்றால் என்ன?

"மாஸ்ஃபெட் சூடானால் தானே அடங்கிவிடும், அதற்கு ஈடு எதற்கு?" என்றும் ஒரு கேள்வி வந்திருந்தது. (மாஸ்ஃபெட் என்பது நம் பெருக்கியில் உள்ள, கேட் முனை கொண்ட டிரான்சிஸ்டர் வகை.) பெரிய மின்னோட்டத்தில் அது சரி. நாம் வைக்கும் இருப்பு மின்னோட்டம் சிறியது. அந்த இடத்தில் தொடக்க மின்னழுத்தம் (மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்கத் தேவையான கேட் மின்னழுத்தம்) சூட்டில் இறங்குவதுதான் மேலோங்கி நிற்கும், மின்னோட்டம் ஏறத்தான் செய்யும். ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் வைத்து நான் கட்டிய சின்னப் பெருக்கியில் இருப்பு மின்னோட்டத்தை 100 மில்லிஆம்பியருக்குத் திருகி வைத்தேன். நான்கு நிமிடம் தொடர்ந்து டோன் (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) அனுப்பி நிறுத்திப் பார்த்தால் மீட்டரில் 190. கோடல் கொடுக்கும் சுற்றில் ஒரு 1என்4148 டயோடைச் சேர்த்து, அதன் கண்ணாடி உடலை மாஸ்ஃபெட்டின் முதுகில் ஹீட் சிங்க் பசையோடு ஒட்டினேன். டயோடும் ஒரு சிலிக்கான் சந்திதான்; அது சூடானால் அதன் மின்னழுத்தம் இறங்கி, கோடலையும் கூடவே இறக்கும். ஏறுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. வரிசையில் இரண்டாவது டயோடு வைத்ததும் ஏறக்குறைய நின்றது. ஆர்வக்கோளாறில் மூன்றாவதும் வைத்தேன். சூடாகச் சூடாக மின்னோட்டம் இறங்கியது, எதிர்முனையில் கேட்டவர் குரல் கரகரக்கிறது என்றார். கோடல் குறைந்தால் அலையின் நடுப்பகுதி வெட்டுப்படும், பக்கத்து அலைவரிசைக்கும் தெறிக்கும்.

இங்கேதான் 'ஈடு' எனக்குப் பிடித்துப்போனது. ஒரு டயோடு குறை ஈடு, மூன்று டயோடு மிகை ஈடு. முன்னொட்டுச் சேர்த்தால் உடையாத சொல்தான் கலைச்சொல்லாக நிற்கும். (ஒரு ஈடு இட்லி, ஈடு வைத்த நகை எல்லாம் நினைவுக்கு வரும்தான். வரட்டும்.) நான் முதலில் யோசித்தது 'வெப்பந்தொடர் கோடல்', வெப்பத்தைத் தொடர்ந்து நகரும் கோடல் என்பதால் பொருளுக்கு அது இன்னும் பொருத்தம். ஆனால் சாலிடரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'வெப்ப ஈடு' போதும். 'வெப்பநிலை ஈடு' என்று நீட்டவும் வேண்டாம்; ஈடுகட்டப்படுவது வெப்பநிலையே அல்ல, அதனால் நகர்ந்த மின்னோட்டம்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. உள்ளே இருக்கும் சில்லு மில்லிவினாடிகளில் சூடாகிவிடும்; வெளியே ஒட்டிய டயோடுக்கு அந்தச் சூடு வந்துசேர நேரமாகும். டோனை நிறுத்திய முதல் சில நொடிகளில் இருப்பு கூடுதலாகக் காட்டுவது இதனால்தான். 'ஈட்டுச் சுணக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஈட்டி நினைவுக்கு வருகிறது. யாராவது மாற்றித் தாருங்கள்.

மற்றவற்றைக் குறிப்பிலேயே போட்டுப் பார்த்தேன். இப்படி வந்தது:

"கோடல் திருகைக் குறைந்த பக்கம் வைத்து மின்சாரம் கொடுக்கவும். இருப்பு மின்னோட்டம் 100 மில்லிஆம்பியர் வரும்வரை மெல்ல ஏற்றவும். டயோடுகள் மாஸ்ஃபெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவும். நான்கு நிமிடம் டோன் அனுப்பி நிறுத்தி, அரை நிமிடம் கழித்து இருப்பை மறுபடி அளக்கவும். ஏறியிருந்தால் ஈடு குறைவு, இறங்கியிருந்தால் மிகை."

அந்த மாணவருக்கு இதை அனுப்பினேன். இருப்பு என்னவென்று இந்த முறை கேட்கவில்லை. டோனை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்.