உயிர் இறாலா, லூரா (செயற்கை இரை): மீன் பிடிக்க விடிகாலையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு எது?

தூரவீச்சு:
இன்று இருட்டோடு கிளம்பி முகத்துவாரப் பாறைக்குப் போனோம். நண்பர் கையில் வாளி, தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர், உயிர் இறால். என்னிடம் ஒரு தூண்டில் ராடும் தோள்பையில் கொஞ்சம் லூரும்தான். வெளுத்ததும் கடல் ஏற்றம் நன்றாக ஓடத் தொடங்கியது. நுரை வரிக்கு அந்தப் பக்கம் பாப்பரை, அதாவது நீர்மேல் சத்தமிடும் லூரை வீசி, படக் படக்கென்று இழுத்து, சற்று நிறுத்தினேன். நிறுத்திய இடத்திலேயே பாரை வந்து அடித்தது. நண்பர் அப்போதும் வாளிக்குள் கைவிட்டு, உயிரோடிருக்கும் இறாலைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கு ஒரு கொடுவா கிடைத்தது. என் பாரையை விடப் பெரியதுதான். ஆனாலும் சொல்கிறேன், கரையில் நின்று பிடிப்பவனுக்கு உயிர் இரை வீண் சுமை. படகுக்காரர் மீனைத் தேடிப் போகலாம், நமக்கு வீச்சு மட்டும்தான்.

மடவைக்காரன்:
பெரிய மீன் வாளிக்காரருக்கு, வீண் சுமை பட்டமும் அவருக்கே! பாரை கூட்டமாகத் துரத்திப் பிடிக்கிற மீன், அதற்கு லூர் சரி. கொடுவா அப்படியா? கல் இடுக்கிலும் தூண் நிழலிலும் பதுங்கியிருந்து, இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். அதை வெளியே வரவைக்க ஏதாவது அங்கேயே நின்று துடிக்க வேண்டும். உங்கள் பாப்பர் அந்த இடத்தில் எத்தனை நொடி இருக்கும்?

இன்னொன்று, பலர் இறாலைக் கோர்க்கும்போதே கொன்றுவிடுகிறார்கள். தலைக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும், தூண்டில் முள் அதில் படக்கூடாது. தலை நுனிக் கொம்புக்குக் கீழே, புள்ளிக்கு முன்னால், மேல் ஓடு மட்டும் பிடிபடும் மாதிரி மெல்லிய முள்ளைக் கோர்த்துப் பாருங்கள். ஈயம் வேண்டாம். நீரோட்டம் அதைக் கல்லோரமாகவே கொண்டுபோகும். மிரண்டால் வாலைச் சுண்டிப் பின்னால் பாயும், எந்த லூருக்கும் அந்தப் பாய்ச்சல் வராது.

தூரவீச்சு:
படிக்க நன்றாக இருக்கிறது. இறால் பாறை வரை உயிரோடு வந்து சேர வேண்டுமே. வெயில் ஏற வாளித் தண்ணீர் சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் நிற்காது. கழிவும் சேர்ந்துவிட்டால் ஏரேட்டர் என்ன செய்யும்? தண்ணீரை மாற்றவே ஆள் வேண்டும். இதையெல்லாம் தாண்டிப் போட்டால் பேத்தை மீன் வந்து கடித்துக் குதறிவிட்டுப் போகும். இரை பிடிக்கப் போகிற நேரம் தனி.

புதுக்கோல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ராடு வாங்கியிருக்கிறேன். கலங்கிய தண்ணீரில் லூர் எடுபடுமா?

தூரவீச்சு:
எடுபடும் தம்பி. மீனுக்குக் கண் மட்டுமில்லை, உடம்பில் ஓடும் பக்கவாட்டுக் கோட்டாலும் நீரின் அதிர்வை உணரும். உள்ளே குண்டு உருளுகிற மின்னோவை (சிறு மீன் வடிவ லூர்) எடுத்து மெதுவாக இழுங்கள்.

மடவைக்காரன்:
ரொம்பக் கலங்கினால் இறால்தான் தம்பி. அதிர்வு கேட்டு வந்த மீன் கடந்து போய்விட்ட லூரைத் தேடிக்கொண்டிருக்கும், இறால் அங்கேயே இருக்கும். நீர் நிற்கிற நேரத்திலும் இதே கதைதான். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குவதற்கு முன் மீன் சோம்பிவிடும், துரத்தவே துரத்தாது.

கழிமுகம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். திருப்பி விடுகிற மீனின் கதி என்ன? சாதா முள்ளில் உயிர் இரை போட்டு, மீன் விழுங்கட்டும் என்று காத்திருந்தால் முள் குடல் வரை போகும். லூர்க்காரர்கள் இதைச் சொல்லியே நல்ல பேர் வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் லூரில் தொங்குகிற மும்முனை முள் கண்ணையும் செவுளையும் கிழிப்பதைப் பேசுவதில்லை.

மடவைக்காரன்:
அதனால்தான் நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள். மீன் கடித்தால் ராடை வெடுக்கென்று தூக்கக்கூடாது, அதுதான் பலருக்கு வருவதில்லை. தூண்டில் நரம்பு ஓடட்டும், பிறகு ரீலைச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். பெரும்பாலும் வாயோரத்தில் போய் மாட்டும். நண்பரின் கொடுவா என்ன ஆயிற்று?

தூரவீச்சு:
விட்டுவிட்டார். முள்ளும் வாயோரத்தில்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கழிமுகம்:
நல்லது. கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரியதை எல்லாம் எடுத்துக்கொண்டே போனால் முட்டைக்கு மீன் இருக்காது. பெரியது மாட்ட உயிர் இரைதான் போடுகிறீர்கள் என்றால் விடுகிற பொறுப்பும் கூடவே வரும். லூரில் மும்முனையைக் கழற்றி ஒற்றை முள் போடுங்கள். ஆட்டம் கொஞ்சம் மாறும், ஆனால் இழுப்பதற்குக் குறைவில்லை.

தூரவீச்சு:
மின்னோவில் ஒற்றை முள் போட்டாயிற்று. பாப்பரில் மாட்டேன். மேல்மட்டத்தில் பாரையின் அடியில் பாதி தவறித்தான் போகும், ஒற்றை முள்ளில் தப்பிவிடும்.

கழிமுகம்:
தப்பட்டுமே.

மடவைக்காரன்:
அப்படித் தப்பினால் மறுபடி வீச வேண்டும், அவருக்குத்தான் வீச்சு பிடிக்குமே! புதுக்கோல் தம்பி, எதைப் போட்டாலும் பாறையில் இறங்குமுன் கொஞ்ச நேரம் நின்று பெரிய அலை எதுவரை நனைக்கிறது என்று பாருங்கள். ஈரம் இருக்கிற இடத்தில் நிற்க வேண்டாம். முதல் ராடுக்கு உயிர் இறாலையே வைத்துக்கொள்ளுங்கள்.

தூரவீச்சு:
வாளியை யார் தூக்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.