புதுப்பிப்பு: வைஃபை கணக்கும் வாசல் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை

எங்கள் கண்காட்சி அரங்கில் வாசலில் ஆட்களை எண்ணும் கருவி காட்டும் எண்ணிக்கையை விட வைஃபை காட்டும் 'வருகையாளர்கள்' பல மடங்கு அதிகம் என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

போன்கள் அருகில் நெட்வொர்க் தேடும்போது அனுப்பும் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பெரும்பாலும் நிஜமானதே இல்லை. ஐபோனின் ஐஓஎஸ் 8 மென்பொருள் வந்த 2014 முதலே இந்த முகவரியை மாற்றி மாற்றி அனுப்பும் வழக்கம் தொடங்கிவிட்டது. அதனால் ஒரே போன் எங்களுக்குப் பத்துப் பேராகத் தெரிந்தது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தற்காலிக முகவரி. அவற்றை வடிகட்டியதும் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. 'திரும்ப வந்தவர்கள்' என்ற கணக்கைத் தூக்கியே போட்டுவிட்டேன், அதை நம்ப வழியில்லை.

சரி, மிச்சம் என்ன? வைஃபையில் இணைந்தவர்கள் மட்டும். எல்லோரும் இணைவதில்லை என்பதால் தலை எண்ண இது உதவாது. ஆனால் எந்த மூலையில் எப்போது நெரிசல், எங்கே அதிக நேரம் நிற்கிறார்கள் என்பது நன்றாகவே தெரிகிறது. சிக்னல் வலிமையை வைத்துச் சொல்லும் இடம் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும். அதனால் மேசை வாரியாக இல்லாமல் பகுதி வாரியாகவே பார்க்கிறேன்.

அப்புறம், யாருடைய போன் என்று தெரியாமல் இருக்க முகவரியை ஹாஷ் செய்தால் (நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றினால்) போதுமே என்று கேட்டிருந்தீர்கள். போதாது. சாத்தியமான முகவரிகளை எல்லாம் ஹாஷ் செய்து ஒப்பிட்டே அசலைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஹாஷ் செய்யும் முன் முகவரியோடு சால்ட் என்ற ரகசிய எழுத்துக் கோவையைச் சேர்க்கிறோம்; தினமும் அதை மாற்றி, பழையதை அழித்துவிடுகிறோம். வைஃபை மூலம் இப்படிக் கணக்கெடுக்கிறோம் என்று வாசலில் அறிவிப்பும் வைத்தாயிற்று.