வ்யூஃபைண்டர்ல பழுப்புக் கோடு, துடைச்சாலும் போகல. வெயிலா? அவசரம்

மாடக்குளம்_கிளிக்
வணக்கம் நண்பர்களே. வ்யூஃபைண்டர்ல கண்ணை வெச்சா நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பழுப்பா ஒரு சாய்ஞ்ச கோடு. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மங்கல். மைக்ரோஃபைபர் துணி போட்டுத் துடைச்சாச்சு, ப்ளோயர் அடிச்சாச்சு, அசையல. சென்சார் போச்சா? வெயில் பட்டா இப்படி ஆகும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு. ஞாயித்துக்கிழமை கல்யாண வேலை இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க.

நிழல்வேட்டை
என்ன கேமரான்னு போடலையே. கண்ணாடி வழியா நேரா பார்க்கிற டிஎஸ்எல்ஆரா, வ்யூஃபைண்டருக்குள்ள குட்டித் திரை இருக்கிற மிர்ரர்லெஸ்ஸா?

எஃப்பதினாறு
எடுத்த படத்துல கோடு வருதா? பின் ஸ்க்ரீன்ல தெரியுதா? இந்த ரெண்டுக்கும் பதில் வந்தா பாதி முடிஞ்சுது.

கோடைமழை
வ்யூஃபைண்டர் உள்ள இருக்கிற ஓஎல்இடி திரையோட பர்ன்-இன் தான். ஹிஸ்டோகிராம், லெவல் கோடு எல்லாம் ஒரே இடத்துல நின்னு நின்னு தழும்பு விழுந்திருக்கும். ப்ரைட்னஸைக் குறைச்சு ஒரு வாரம் ஓட்டுங்க.

பழையகை
தம்பி, டப்பாவுக்குள்ள மேனுவல்னு ஒண்ணு வரும். அதுல முதல் சில பக்கத்துலயே "லென்ஸையும் வ்யூஃபைண்டரையும் வெயிலுக்குக் காட்டாதே"ன்னு போட்டிருப்பான். யாரும் படிக்கிறதில்ல, நேரா இங்க வந்து அவசரம்னு தலைப்பு போட்டுடுறீங்க.

நிழல்வேட்டை
ஐயா, அவர் கேட்டது சென்சார் போச்சான்னு. அதுக்கு மேனுவல்ல பதில் இல்ல.

கோடைமழை, பர்ன்-இன்னா ஐகானோட வடிவத்துலயே நிழல் நிக்கும், அதுவும் திரை ஓரத்துல. சாய்ஞ்ச கோடா வராது.

டெல்டா_கேமரா
போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுட்டுப் பார்க்கிறீங்களா ப்ரோ? அதுலயும் கண்டபடி தெரியும்.

எஃப்பதினாறு
அதுல திரை மொத்தமா இருட்டும், இல்ல வானவில் நிறம் அடிக்கும். ஒரு இடத்துல மட்டும் கோடு விழாது.

மாடக்குளம், இதை வரிசையா செய்ங்க:

1. வ்யூஃபைண்டர்லயே மெனுவைத் திறங்க. மெனு மேலயும் கோடு நின்னா சென்சார், லென்ஸ் ரெண்டும் தப்பிச்சுது. மெனு சென்சார் வழியா வர்றதில்ல.
2. டயாப்டர் சக்கரத்தை (பார்வைக்கு ஏத்த மாதிரி தெளிவைச் சரிபண்றது) திருகுங்க. மெனு எழுத்தும் கோடும் ஒண்ணாவே தெளிஞ்சு ஒண்ணாவே மங்கினா கோடு பேனல்ல, அதாவது உள்ள இருக்கிற குட்டித் திரைல இருக்கு. எழுத்து தெளிவா இருக்கும்போது கோடு மங்கலாவே இருந்தா அது ஐபீஸ், அதாவது கண்ணை வைக்கிற கண்ணாடி மேல உள்ள அழுக்கு.
3. அபர்ச்சரை எஃப்16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாம எடுத்து கம்ப்யூட்டர்ல பாருங்க. அங்க புள்ளி வந்தா சென்சார் தூசு. அது தனிக் கதை.

கேமரா எங்க, எப்படி வெச்சிருந்தீங்கன்னும் சொல்லுங்க.

மாடக்குளம்_கிளிக்
மிர்ரர்லெஸ்தான். 0.5 இன்ச் ஓஎல்இடி, 23.6 லட்சம் டாட். மெனு மேலயும் கோடு தெரியுது. டயாப்டர் திருகினா ரெண்டும் ஒண்ணாதான் மங்குது. படத்துல இல்ல. மொட்டை மாடியில ட்ரைபாட்ல போட்டு சாயங்காலம் கிழக்கால கீழ நின்ன தேரை டைம்லாப்ஸ் எடுத்தேன், முக்கால் மணி நேரம். அது முக்கியமா?

நிழல்வேட்டை
அதுதான் முக்கியம்! தேர் கிழக்கால, கேமரா கீழ சாய்ஞ்சு, சூரியன் மேற்கால முதுகுப் பக்கம். அப்ப ஐபீஸ் நேரா சூரியனைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கு.

கணக்கைப் பாருங்க. ஐபீஸோட குவியத்தூரம் சுமார் 20 மில்லிமீட்டர்னு வைங்க. வானத்துல சூரியனோட விட்டம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல. பேனல் மேல விழுற சூரிய பிம்பம் 0.19 மில்லிமீட்டர்தான் வரும். 12 மில்லிமீட்டர் கண்ணாடில விழுற வெயில் மொத்தமும் அந்தப் புள்ளிக்குள்ள போகுது. இழப்பைக் கழிக்காம பார்த்தா பரப்புக் கணக்குல 4,000 மடங்கு. பூதக்கண்ணாடியால காகிதத்தை எரிக்கிற அதே வேலை.

அந்தப் பேனல் 1024-க்கு 768 பிக்சல், அகலம் 10 மில்லிமீட்டர் சொச்சம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். 45 நிமிஷத்துல பிம்பம் 4 மில்லிமீட்டர் அளவுக்கு நகர்ந்திருக்கும். கோடா விழுந்ததுக்குக் காரணம் அதுதான். தடிச்ச முனை தொடக்கம், வெயில் உக்கிரமா இருந்தப்ப. மங்கின முனை பொழுது தணிஞ்சப்ப.

மாடக்குளம்_கிளிக்
டைம்லாப்ஸ் ஓடும்போது வ்யூஃபைண்டர் அணைஞ்சுதான் இருந்துச்சு. அப்படியும் எரியுமா?

நிழல்வேட்டை
எரியும். கரன்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பேட்டரியைக் கழட்டி வெச்சாலும் கண்ணாடி குவிக்கத்தான் செய்யும்.

டெல்டா_கேமரா
லென்ஸ்ல யூவி ஃபில்டர் போட்டிருந்தா தப்பிச்சிருக்கும்.

எஃப்பதினாறு
வெயில் வந்தது பின்பக்கமா. லென்ஸ்லேர்ந்து வ்யூஃபைண்டருக்கு ஒளி போற பாதையே மிர்ரர்லெஸ்ல கிடையாது, நடுவுல வெறும் சிக்னல்தான். ஐபீஸ் மேலயே யூவி கண்ணாடி ஒட்டினாலும் பிரயோஜனம் இல்ல. சுடுறது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியற ஒளியும் அகச்சிவப்பும்தான், அதை அந்தக் கண்ணாடி தடுக்காது. ஒளி புகாத மூடிதான் வழி.

பழையகை
இந்தத் தொல்லை எல்லாம் டிஎஸ்எல்ஆர்ல உண்டா? கேனன் பட்டையிலயே ஒரு ரப்பர் மூடி கோத்துக் கொடுத்தான். நிக்கான்ல டிகே-5னு ஒரு மூடி. அன்னைக்கே யோசிச்சு வெச்சிருக்கான்.

நிழல்வேட்டை
ஐயா, அந்த மூடி வெயில்ல கருகாம இருக்கக் கொடுத்தது இல்ல. கண்ணை எடுத்துட்டு ட்ரைபாட்ல எடுக்கும்போது பின்னாடி புகுற வெளிச்சம், ஒளியை அளக்கிற மீட்டரை ஏமாத்திடும், படம் இருட்டாகும். அதுக்காகக் கொடுத்தது.

பழையகை
எதுக்குக் கொடுத்தா என்ன, மூடி மூடிதான். கண்ணாடி வழியா நேரா பார்க்கிற சுகம் இந்த டிவிப் பெட்டில வருமா?

எஃப்பதினாறு
அதே நேர்ப்பார்வைல டெலி லென்ஸ் மாட்டி சூரியனைப் பார்த்தா கருகுறது கண்ணு. மிர்ரர்லெஸ்ல கண்ணு தப்பிக்கும், சென்சாரும் ஷட்டர் திரையும் மாட்டும். ரெண்டுலயும் கிரகணம் எடுக்க லென்ஸ் முன்னாடி சோலார் ஃபில்டர் வேணும். இந்தச் சண்டையைத் தனி இழைல வெச்சுக்கலாமே.

கோடைமழை
பெரிய ஐகப் (ஐபீஸைச் சுத்தி வர்ற ரப்பர்) போட்டா போதாதா?

நிழல்வேட்டை
ஓரத்து வெளிச்சத்துக்குப் போதும். ஆனா ஐபீஸோட அச்சுல இருந்து பக்கவாட்டுல 14 டிகிரி, மேல கீழ 10, 11 டிகிரிக்குள்ள சூரியன் வந்தாதான் பிம்பம் பேனல்ல விழும். அந்தக் கோணத்துல எவ்வளவு ஆழமான ஐகப்பா இருந்தாலும் நேரா உள்ள விட்டுடும்.

ட்ரைபாட் மட்டும் இல்ல. பெரிய ஜூம் மாட்டித் தோள்ல தொங்கவிட்டா லென்ஸ் கீழ, ஐபீஸ் மேல. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசிலயும் மதியம் 12.20 வாக்குல சூரியன் நேர் உச்சில நிக்கும். பட்டையைக் குறுக்கா போட்டு ஐபீஸ் உடம்பைப் பார்க்கிற மாதிரி விடுங்க. மேஜைல வைக்கும்போதும் லென்ஸைக் கவுத்து நிக்க வைக்காதீங்க.

எஃப்பதினாறு
மூடிக்கு: ஸ்டேஷனரி கடைல கருப்பு ஃபோம் ஷீட், 3 மில்லிமீட்டர் தடிப்பு. ஐகப்பை அளந்து சுத்தி 5 மில்லிமீட்டர் கூட்டி வெட்டுங்க. மேல் விளிம்புல ஒரு பட்டை விட்டு, ஹாட் ஷூல (கேமரா மேல ஃப்ளாஷ் மாட்டுற இடம்) செருகுற பிளாஸ்டிக் மூடியோட ஒட்டுங்க. இமை மாதிரி தொங்கும், தூக்கிட்டுப் பார்க்கலாம். காத்துக்குத் தூக்கிக்கும், அதனால கீழ் விளிம்புல மெல்லிசா எலாஸ்டிக் தைச்சு ஐகப்பைச் சுத்தி மாட்டுங்க. கண்ணாடி மேல நேரா டேப் ஒட்டாதீங்க. வெயில்ல பசை உருகிக் கோட்டிங்ல பிடிச்சுக்கும்.

ஞாயிறு வேலைக்கு பயம் இல்ல, படத்துல எதுவும் வராது. கருகின இடமும் பொதுவா தானா பரவாது, மறுபடி வெயில் பட்டாதான் உண்டு. சர்வீஸ்ல கொடுத்தா பேனல் யூனிட் மட்டும் மாத்தறாங்களா, கேமராவோட மேல்பாகத்தோட சேர்த்தான்னு எஸ்டிமேட்லயே எழுதி வாங்குங்க. வாரன்டில பெரும்பாலும் வராது.

டெல்டா_கேமரா
பின் ஸ்க்ரீன்ல வெயில்ல ஒண்ணும் தெரியாதே. லூப் (ஸ்க்ரீன் மேல வெச்சுப் பார்க்கிற உருப்பெருக்கி) மாட்டிக்கலாமா?

நிழல்வேட்டை
மாட்டலாம். ஆனா அதுவும் ஒரு லென்ஸ்தான், கண்ணை எடுத்ததும் மூடலைன்னா பின் ஸ்க்ரீனும் கருகும். உருப்பெருக்கி இல்லாத வெறும் ஹூட் வாங்குங்க.

மாடக்குளம்_கிளிக்
சர்வீஸ்ல கேட்டாச்சு, யூனிட்டோட மாத்தணுமாம், பாகம் வர நாளாகும். மூடி வெட்டி மாட்டிட்டேன். ஆனா மூடினா பின் ஸ்க்ரீன் அணைஞ்சுடுது??

எஃப்பதினாறு
ஐபீஸ் பக்கத்துல இருக்கிற ஐ சென்சார் மூடியைக் கண்ணுன்னு நினைச்சு வ்யூஃபைண்டருக்கு மாறுது. அப்படியே விட்டா உள்ள திரை எரிஞ்சிட்டே இருந்து பேட்டரியும் இறங்கும். மெனுல ஃபைண்டர்/மானிட்டர் தேர்வை "ஆட்டோ"ல இருந்து "மானிட்டர்"க்கு மாத்துங்க. அதை ஒரு கஸ்டம் பட்டன்ல போட்டுக்கிட்டா மூடியைத் தூக்கும்போது ஒரே அழுத்துல திரும்ப மாறிக்கலாம். பல மாடல்ல ஸ்க்ரீனை வெளிய சாய்ச்சாலே ஐ சென்சார் அணைஞ்சுடும், முதல்ல அதைப் பாருங்க.

மாடக்குளம்_கிளிக்
சாய்ச்சா சரியாகுது. நன்றி.