சதாபிஷேகம் – காமாட்சி இல்லம் குழு

சுதா: எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். நிலாவுக்கு எம்.ஐ.டி.யிலிருந்து இன்டர்வியூ மெயில். அங்கே படித்த ஒருவர் பேச வேண்டுமாம். சனிக்கிழமை காலை 10 மணி, இங்கே நியூஜெர்சியில் எடிசன் லைப்ரரியில். எங்களுக்கு வியாழன் இரவே ஊருக்கு ஃபிளைட். என்ன செய்வது?

வசந்தி: குரோம்பேட்டையா?

சுதா: அக்கா!! அது சென்னை எம்.ஐ.டி. இது அமெரிக்காவில், பாஸ்டன் பக்கம்.

அப்பா: கலாம் படித்தது எது?

கண்ணன்: அது குரோம்பேட்டைதான் அப்பா.

அப்பா: அப்போ அதுவே போதுமே.

தீபக்: 😂😂

சேகர்: சுதா, பதறாதே. விவரமாகச் சொல்கிறேன். இன்டர்வியூ எடுப்பவர் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. தன் வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்குகிறார். அதனால் தேதி மாற்றிக் கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் பதில் இன்றே போக வேண்டும். நிலாதான் எழுத வேண்டும், நீ எழுதக் கூடாது. "ஊருக்குப் போகிறோம், செவ்வாய் அல்லது புதன் மாலை முடியுமா, இல்லையென்றால் ஜூமில் பேசலாமா" என்று மூன்று வரி போதும். அவர் கையில் இவள் மார்க்கும் இருக்காது, கட்டுரையும் இருக்காது. புதிதாகப் பார்க்கிற ஆளிடம் பேசுவது போலத்தான். அந்த ஊரில் ஆள் கிடைக்காமல் இன்டர்வியூ நடக்கவில்லை என்றாலும் அதை வைத்துக் குறைக்க மாட்டார்கள். ஆனால் கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது வேறு. ஒவ்வொரு காலேஜும் ஒரு மாதிரி. ஜார்ஜ்டவுனில் அநேகமாக எல்லோரையும் கூப்பிடுவார்கள். பிரவுனில் இது இல்லை, விருப்பமிருந்தால் வீடியோ அனுப்பலாம். எம்.ஐ.டி.க்கு நவம்பர் 1-க்குள் விண்ணப்பம் போட்டவர்களுக்கு இன்டர்வியூ முன்பே முடிந்திருக்கும். ஜனவரியில் போட்டவர்களுக்கு இப்போதுதான் வரும்.

கண்ணன்: அண்ணா, டிக்கெட் போட்டாச்சா?

வசந்தி: எங்கள் ராகுல், அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங்குக்குப் போனபோது இந்தக் குழுவில் ஒருவர்கூட இவ்வளவு பேசவில்லை.

சுதா: அக்கா, அப்போது குழுவே இல்லை.

வசந்தி: போன் இருந்ததே.

சுதா: அண்ணா, நான் கூட உட்காரலாமா? ஓரமாக.

சேகர்: கூடவே கூடாது. அறைப் பக்கமே போகாதே.

ஜெயா: தீபக் இன்டர்வியூ அன்று காபிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது யார் என்று கேளுங்கள் சுதா.

தீபக்: கார் பார்க்கிங்கிலிருந்து கை வேறு காட்டினார்.

சேகர்: அது வேறு விஷயம்.

தீபக்: நிலா, எதையும் மனப்பாடம் செய்யாதே. என்னிடம் முக்கால்வாசி நேரம் நான் பிரித்துப் போட்ட சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார். ஏன் இந்தக் காலேஜ் என்று மட்டும் நன்றாக யோசித்துக்கொள். ரேங்க் பற்றி வாயைத் திறக்காதே. அவரிடம் கேட்க உனக்கும் உண்மையாக இரண்டு கேள்வி இருக்க வேண்டும்.

அப்பா: நிலா கொடிக்காலில் ஒரு கருவி வைத்தாளே. ஈரம் பார்க்கிறது. அதைச் சொல்லச் சொல்.

கண்ணன்: ஒரு மழைக்குத் தாங்கவில்லை அது. வெற்றிலை பிழைத்தது, கருவி போய்விட்டது 😄

தீபக்: அதைத்தான் சொல்ல வேண்டும் சித்தப்பா! ஏன் கெட்டது, அடுத்து என்ன மாற்றினாள் என்று. அவர்களுக்கு அதுதான் வேண்டும்.

சுதா: கெட்டதையா சொல்வது? நடன அரங்கேற்றம், சர்டிபிகேட் எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன்.

தீபக்: அத்தை, ஃபைல் வேண்டாம் 🙏

வசந்தி: ரிசல்ட் எப்போது?

சேகர்: வழக்கமாக மார்ச் 14, அவர்கள் ஊர் நேரம் மாலை 6:28. அது கணக்கு. கணக்கில் வரும் பை (π) மதிப்பு ஏறக்குறைய 3.14, மார்ச் 14-ஐ அங்கே 3/14 என்று எழுதுவார்கள். அதன் இரண்டு மடங்கு 6.28.

வசந்தி: நல்ல நேரம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நிலா: நான் காலையிலேயே பதில் அனுப்பிவிட்டேன் பெரிய மாமா. புதன் மாலை, இல்லையென்றால் ஜூம். இன்னும் பதில் வரவில்லை.

சுதா: என்னிடம் ஏன் சொல்லவில்லை???

நிலா: நீங்கள் திருத்துவீர்கள் அம்மா.

ஜெயா: 👏

கண்ணன்: ஜூம் என்றால் இங்கே சனி இரவு 8:30. மறுநாள் விசேஷம், கீழே பாத்திரம் உருட்டுவார்கள். மாடி அறைதான் சரி. வைஃபையும் அங்கேதான் ஒழுங்காக எடுக்கிறது.

வசந்தி: மாடி அறை எங்களுக்கு என்று போன மாதமே சொன்னாய்.

கண்ணன்: ஒரு மணி நேரம்தானே அக்கா.

வசந்தி: ஏசி இருக்கிற ஒரே அறை. இவருக்கு ஏசி இல்லாமல் முடியாது, உனக்கே தெரியும்.

அப்பா: குழந்தை என் அறையில் பேசட்டும். நான் திண்ணையில் படுத்துக்கொள்கிறேன்.

வசந்தி: அப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்லை.

சுதா: புதன்கிழமையே கிடைத்துவிட்டால் நல்லது. கிடைக்குமா அண்ணா?

சேகர்: கேட்டாகிவிட்டது, இனி காத்திருக்க வேண்டும். நாளை மாலைக்குள் பதில் இல்லையென்றால் இன்னொரு வரி அனுப்பலாம். ஸ்பாம் ஃபோல்டரையும் பார்க்கச் சொல்.

கண்ணன்: சமையல்காரர் மறுபடியும் போன் செய்தார். 150 இலையா, 200-ஆ? அண்ணன் வீட்டைச் சேர்த்தா, சேர்க்காமலா?

சேகர்: நிலா, இன்னொன்று. இன்டர்வியூ முடிந்த அன்றே ஒரு நன்றி மெயில் போட்டுவிடு.

கண்ணன்: அண்ணா?