பழைய லப்டொப்புக்கு லினக்ஸ் போட்ட அனுபவம்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ

நூறாம் நம்பர் பஸ்:

வெள்ளவத்தை. அப்பாவின்ர லப்டொப், 2012 இல வாங்கினது, ஐ3, 4 ஜிபி ரம். 2025 ஒக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10 க்கு அப்டேட் நிண்டுட்டுது, 11 இதில ஏறாது, புதுசு விக்கிற விலை உங்களுக்கே தெரியும். விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச லினக்ஸில, பழைய மெஷினுக்குத் தோதான மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போட்டன். போட்ட கதையில சொல்ல ஒண்டுமில்லை, அரை மணித்தியாலம்.

அப்பா வந்து இருந்தார். கோயில் மலருக்கு எழுதின கட்டுரையைத் திறந்தார். லிப்ரே ஒஃபிஸ் திறந்துது. பக்கம் முழுக்க இங்கிலிஷ் எழுத்து. தமிழ் எண்ட சொல் இருந்த இடத்தில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இங்கிலிஷ் எழுத்தைத் தமிழாக் காட்டிற பாமினி எண்ட பழைய ஃபொன்ட்டில அடிச்சது, இதில அந்த ஃபொன்ட் இல்லை, அவ்வளவுதான். எனக்குப் பாத்த உடன விளங்கிட்டுது. அவருக்கு விளங்கேல்லை. கண்ணாடியைக் கழட்டி, சாரத்தில துடைச்சு, திரும்பப் போட்டுப் பாத்தார். பேந்து என்னைப் பாத்து, "எல்லாம் போச்சோ?" எண்டு மெதுவாக் கேட்டார்.

பத்து நிமிசத்தில ஃபொன்ட் போட்டாச்சு. ஒரு எழுத்தும் போகேல்லை. ஆனா அண்டையில இருந்து எதையும் முதல்ல கொப்பியில கையால எழுதி வச்சிட்டுத்தான் அடிக்கிறார்.

டேர்மினல் தம்பி:

அண்ணை, பிழை லினக்ஸில இல்லை, பாமினியில. எந்த மெஷினிலயும் தமிழ் தமிழாவே தெரியிற யுனிகோட் வந்து எவ்வளவு காலம்? மாத்திற கருவி நெட்டில சும்மா கிடக்கு.

என்ர கதை சின்னது. கம்பஸில கூடப் படிச்சவளின்ர லப்டொப்பில "டிஸ்க்கை அழிச்சு நிறுவு" எண்டதை அமத்திட்டன். அவ இப்பவும் என்னோட கதைக்கிறா, ஆனா லப்டொப்பைத் தரமாட்டா.

இனிப் போடப்போறவைக்குச் சொல்லுறன். பென் டிரைவில வென்டோய் எண்ட கருவியைப் போட்டு ரெண்டு மூண்டு லினக்ஸை ஒண்டாக் கொண்டுபோங்கோ. முதல்ல நிறுவாமல் பென் டிரைவிலயே ஓடவிட்டு வைஃபை, சத்தம், கமரா, மூடித் திறந்தா எழும்புதோ எண்டு பாருங்கோ. வழமையாத் திறக்கிற ஃபைலையும் அதிலயே திறந்து பாருங்கோ. அண்ணை அதைச் செய்திருந்தா அப்பாவுக்கு அந்தப் பயமே வந்திராது. ஹார்ட் டிஸ்க் கண்ணில தெரியாட்டி மெஷின் எழும்பேக்க போற பயோஸ் செட்டிங்குக்குள்ள டிஸ்க் முறை ஆர்எஸ்டி எண்டு கிடக்கும், அதை ஏஎச்சிஐ ஆக்கோணும். விண்டோஸையும் வச்சிருக்கிறவை அதைச் சும்மா மாத்தாதேங்கோ, பிறகு விண்டோஸ் எழும்பாது. ரம் 2 ஜிபி எண்டா லுபுண்டு எண்ட லேசான லினக்ஸ், அதுக்கும் கீழ எண்டா அதைவிட லேசான ஆன்டிஎக்ஸ். ஆனா எதைப் போட்டாலும் பிரவுசரில பத்து டாப் திறந்தா லப்டொப் படுக்கும், அதுக்கு லினக்ஸைத் திட்டி வேலையில்லை. 32 பிட் மெஷின் வச்சிருக்கிறவை கவனம், டெபியன் எண்ட லினக்ஸின்ர 13 இல 32 பிட் இன்ஸ்டோலரே இல்லை, 12 ஓட சரி. எல்லாத்துக்கும் முதல் கொம்பியூட்டர் கடை இருக்கிற யூனிட்டி பிளாசாவுக்குப் போய், சுழலாத டிஸ்க், ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் பூட்டுங்கோ. சுழலுற டிஸ்க்கை வச்சுக்கொண்டு எது வேகமான லினக்ஸ் எண்டு சண்டை பிடிக்கிறது ஓட்டை வாளிக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி.

நூறாம் நம்பர் பஸ்:

தம்பி, அப்பாவுக்கு 76 வயசு, இருபது வருசத்து ஃபைல் எல்லாம் பாமினி. நான் வழி கேக்கேல்லை.

பிரஸ் பையன்:

நான் அண்ணன் கட்சி. கொட்டாஞ்சேனையில அச்சகத்துல வேலை செய்றேன். கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், எல்லாம் இன்னமும் பாமினிதாங்க. பக்கம் அமைக்கிற பழைய பேஜ்மேக்கர்ல யுனிகோட் தமிழ் ஏறாது. தம்பி ஒருநாள் எங்க கடைப்பக்கம் வந்து பாக்கணும்.

சரி, என் கதை. ஊர் ஹட்டன் பக்கம். புறக்கோட்டையில பழைய நெட்புக் ஒண்ணு வாங்கினேன், 1 ஜிபி ரம். ஆன்டிஎக்ஸ் போட்டேன். வைஃபை எடுக்கல, உள்ள புரோட்கொம் சிப். போன்ல இருந்து வயர் போட்டு நெட் குடுத்து டிரைவரை இறக்கினேன். மூணு ராத்திரி போச்சு. தங்கச்சிக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். புள்ள எவ்வளவு கெட்டின்னா, ஒரே மாசத்துல ஃபைல் எல்லாம் பாடவாரியாப் பிரிச்சு அடுக்கி வச்சிருச்சு.

பொறகு மூடி பக்கத்துக் கீல் ஒடைஞ்சிருச்சு. கொழும்புல ஒரு கடையில குடுத்தேன். கடை பேரு வேணாம். சாயங்காலம் எடுக்கப் போறேன், அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே தொறந்து காட்டுறாரு: விண்டோஸ் 7. "தம்பி, உள்ள என்னமோ புரியாதது கெடந்துச்சு, வைரஸோ என்னமோ. சுத்தமாக்கிப் போட்டுட்டேன்." பில்லுல கீலுக்கு ஒரு வரி, "சொஃப்ட்வெயார்" ஒரு வரி. நான் ரெண்டுக்கும் காசு குடுத்துட்டு வந்தேன். ஏன் குடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. தங்கச்சிகிட்ட டிஸ்க் பழுதாப் போச்சுன்னு சொல்லியிருக்கேன்.

தெமட்டகொட வாப்பா:

2022 மார்ச் கடைசி. பதின்மூணு மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்கள். மகளுக்கு மே மாசம் ஓஎல் எக்ஸாம். அவட லப்டொப் சின்னது, உள்ள 32 ஜிபிதான், விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லைன்னு ஒவ்வொரு நாளும் கத்தும். வாப்பா பாத்துக்கிறேன்னு சொல்லி லுபுண்டு போட ஆரம்பிச்சேன். எங்கட குறூப்புக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கரண்ட் இருக்குன்னு டைம்டேபிள் சொல்லிச்சு.

நடுவுல போயிடுச்சு. பெட்டரி ஏழு நிமிசம் தாங்கும். வீடு முழுக்க இருட்டு, அந்த ஸ்கிரீன் மட்டும்தான் வெளிச்சம். நானும் மகளும் அந்தக் கோடு நகருறதையே பாத்துக்கிட்டு இருந்தோம். முக்கால்வாசி தாண்டிச்சு. இன்னும் கொஞ்சம் நகர்ந்திச்சு. அணைஞ்சுடுச்சு. அதுல இருந்த பாஸ்ட் பேப்பர் எல்லாம் ஏற்கனவே அழிஞ்சு போச்சு. மகள் ஒண்டும் பேசல்ல. மெழுகுதிரியப் பத்தவச்சு, கொப்பியையும் எடுத்துக்கிட்டு அறைக்குள்ள போனா.

மறுநாள் திரும்பப் போட்டேன், சரியா வந்திச்சு. அதைப் பத்திக் கதையில்ல.

டேர்மினல் தம்பி:

நானா, பெட்டரி அந்த நிலைமை எண்டா முதல்ல பேப்பரை எல்லாம் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணியிருக்கலாம். கரண்ட் டைம்டேபிளையும் நம்பியிருக்கக் கூடாது.

தெமட்டகொட வாப்பா:

நல்லது தம்பி. மகளும் அதேதான் சொன்னா, மூணு மாசம் கழிச்சு.

பழைய மோடம்:

நீங்கள் எல்லாரும் பென் டிரைவ் பிள்ளைகள். எங்களுக்கு உபுண்டு எண்ட லினக்ஸ் சீடி தபாலில வந்தது. ஷிப்இட் எண்டு, கேட்டா காசில்லாமல் அனுப்புவினம், 2011 வரைக்கும் இருந்தது. நான் பத்துச் சீடி கேட்டனான். வீட்டில இருந்தது ஒரே ஒரு மெஷின். உள்ளிருந்த மோடம் விண்டோஸுக்கெண்டு செய்த வின்மோடம், லினக்ஸுக்கு அது ஒரு தகரத்துண்டு. நெட் இல்லாத உபுண்டுவை ஆறு மாசம் வச்சு அழகு பாத்தன்.

எனக்கு உறுத்துறது மோடம் இல்லை. 2007, யுத்தத்தில வீடு வீடாச் சோதினை நடந்த காலம். ராத்திரி வந்தவையில ஒரு பொடியன், இருவது வயசு இருக்காது, மேசையில அடுக்கியிருந்த சீடிகளைக் கண்டுட்டான். ஒரே மாதிரிப் பத்து. ஒண்டை எடுத்து டோர்ச் லைட்டில திருப்பித் திருப்பிப் பாத்தான். அம்மா சுவரோட ஒட்டிப்போய் நிண்டா. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில "கொம்பியூட்டருக்குப் போடுறது, சும்மா குடுக்கிறவை" எண்டன். சும்மாவா எண்டு கேட்டான். ஓம் எண்டன். ஒண்டு எடுக்கட்டா எண்டான். எடுத்துச் சட்டைப் பொக்கெற்றுக்குள்ள வச்சான், அதுக்குள்ள அது முழுசாப் போகேல்லை, பாதி வெளியில நீட்டிக்கொண்டிருந்தது. அப்பிடியே படியிறங்கிப் போனான்.

அவன் அதைப் போட்டுப் பாத்தானோ எண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான்.

டேர்மினல் தம்பி:

அந்தச் சீடி உபுண்டு 7.04 ஆ, 7.10 ஆ?

தெமட்டகொட வாப்பா:

நூறாம் நம்பர் தம்பி, அந்த பாமினி ஃபொன்ட்டை எங்க போட்டீங்க? எங்கட மூத்த நானாவும் பழைய ஃபைல் வச்சிருக்கார், பள்ளிவாசல் கணக்கு.

நூறாம் நம்பர் பஸ்:

மின்ட் எண்டா ஃபொன்ட் ஃபைலை ரெண்டுதரம் அமத்த, நிறுவு எண்டு ஒரு பட்டன் வரும். வராட்டி ஹோம் ஃபோல்டரில கொன்ட்ரோலும் எச்சும் அமத்துங்கோ, ஒளிச்சிருக்கிறது தெரியும். டொட் லோக்கல், அதுக்குள்ள ஷெயார், அதுக்குள்ள ஃபொன்ட்ஸ். இல்லாட்டி அந்தப் பேரில ஒண்டை உண்டாக்கி உள்ள போடுங்கோ. கீபோர்ட் ஒண்டும் மாத்தத் தேவையில்லை, இங்கிலிஷிலயே அடிக்க பாமினி வரும்.

நானாவைக் கூப்பிடமுதல் நீங்கள் ஒருக்கா அந்தக் கணக்கு ஃபைலைத் திறந்து பாத்துக்கொள்ளுங்கோ.